கொடுத்த கடதாசிக்கு ஒரு துண்டு கேட்கிறோம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இல்லாவிட்டாலும் வாசியுங்கள், பக்கத்து வீட்டில் ஒருவர் இருப்பார்.

மண்டூர்ப் பக்கத்தில் படிப்பிக்கிற எங்களிடம் பாடசாலை விட்ட பிறகு வருகிற பெற்றோர் பலர் பிள்ளையின் புள்ளியைக் கேட்க வருவதில்லை. படிவம் நிரப்ப வருகிறார்கள். "சேர், இதில எங்க கையொப்பம் வைக்கிற?" "டீச்சர், இந்தக் கடிதம் சிங்களத்தில வந்திருக்கு, என்ன சொல்லுது?" ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு உளவியலும் பாடத்திட்டமும் படிப்பித்தார்கள். அஸ்வெசும படிவத்தை இந்த ஊர்தான் படிப்பித்தது.

இத்தனை படிவம் நிரப்பியதில் எங்களுக்கு விளங்கியது ஒன்று. படிவம் நிரப்புவது பெரிய கஷ்டம் இல்லை. நிரப்பிக் கொடுத்த படிவம் எங்கே போனது என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் கஷ்டம். அது தொலைந்துவிட்டால், தொலைத்தவருக்கு ஒன்றும் நடப்பதில்லை. கொடுத்தவர்தான் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். இது நியாயமில்லை என்பதைத்தான் எழுத வந்தோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயரும் ஊரும் அலுவலகமும் சொல்லமாட்டோம், அவர்கள் இன்னும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். மகனுக்குப் பிறப்பிலேயே மூளை முடக்குவாதம். இருபது வயது தாண்டியும் தாய்தான் தூக்கிக் குளிப்பாட்டுகிறார். தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னார்கள். அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகப் பிரதி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், வைத்தியச் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்தத் தாய் ஒரு பையில் போட்டுக்கொண்டுபோய்க் கொடுத்தார். "வெச்சிட்டுப் போங்கம்மா, நாங்க அனுப்புறம்" என்றார்கள். வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் காசு வரவில்லை. போய்க் கேட்டார். "கொழும்புக்குப் போயிருக்கு." இன்னொரு மாதம் கழித்துப் போனார். "அந்த உத்தியோகத்தர் மாறிப் போயிட்டார்." அடுத்த முறை போனபோது, "அப்படி ஒரு பைல் இங்க இல்லையேம்மா, நீங்க குடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். எப்போது கொடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை கடதாசி கொடுத்தார் என்பதற்கு அவரிடம் ஒரு துண்டும் இல்லை. திரும்பவும் வைத்தியச் சான்றிதழ், திரும்பவும் போட்டோ கொப்பி, திரும்பவும் வரிசை. ஆறு மாதம் போனது. இன்றைய கணக்கில் மாதம் 10,000 என்றால் 60,000 ரூபாய். அந்த நிலுவை கிடைக்குமா என்று கேட்டதற்குத் தெளிவான பதில் எவரிடமும் இல்லை.

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை, ஒருவரும் ஏசவில்லை. எல்லோரும் "அம்மா" என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் ஒரு வீட்டில் ஆறு மாதம் பால்மாவும் பம்பர்ஸும் மருந்தும் கடனில் ஓடின.

இந்தக் கொடுப்பனவு எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பலருக்கு இது தெரியாது. முன்பு மாதம் 3,000 ரூபாயாக இருந்தது, பிறகு 5,000 ஆனது. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியபோதும் 5,000தான். 2024 ஏப்ரலில் 7,500 ஆகி, 2025 வரவுசெலவுத் திட்டத்தோடு 10,000 ஆனது. கூட்டியது நல்ல விசயம், அதை மறைக்கக்கூடாது. ஆனால் 10,000 என்றாலும் நாளொன்றுக்கு 333 ரூபாய்தான் வரும். அதுவும் வருகிற மாதத்தில்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர், அதாவது 8.7 சதவீதத்தினர், ஏதோவொரு இயலாமையோடு வாழ்வதாகப் பதிவானது. அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கிய இடமோ 72,000. அந்த 16 இலட்சம் பேருக்கும் கொடுப்பனவு தேவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இடம் குறைவு, கேட்பவர் அதிகம் என்பது இதில் தெரிகிறது. இப்படியான இடத்தில் ஒரு பைல் தொலைந்தால், அந்த வீட்டுக்காரருக்கு வருகிற பயம் சின்னதில்லை. "சத்தம் போட்டா இருக்கிறதையும் வெட்டிருவாங்களோ" என்றுதான் முதலில் நினைக்கிறார்கள்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் பார்த்தால் மண்டூரும் குருமண்வெளியும் கைக்கெட்டும் தூரம்தான். நடுவில் வாவி கிடக்கிறது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போக வேண்டுமென்றால் பாதையேறி அக்கரைக்குப் போக வேண்டும், அல்லது தரைவழியாகச் சுற்ற வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் விசேட வைத்திய நிபுணரைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நடக்க முடியாத ஒருவரைச் சக்கர நாற்காலியோடு பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், காற்று நாளில் ஏற்றிப் பாருங்கள். கூடப்போகிற ஆளின் கூலியும் அன்றைக்கு இல்லை. ஆட்டோவுக்கும் காசு வேண்டும். பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் போய்வர வசதி இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதி வந்தது. அந்த வசதி எத்தனை இடத்தில் ஒழுங்காக இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, "இன்னொருக்கா கொண்டு வாங்க" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்ல ஒரு நிமிசம் போதும். இந்தப் பக்கத்தில் அது ஒரு நாள், ஒரு கூலி, ஒரு உடம்பின் வலி.

எங்கள் பகுதி மக்களுக்குக் கடதாசி தொலைவது புதிதில்லை. 2004 சுனாமி கரையோரத்தில் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோனது. 2007இல் படுவான்கரையிலிருந்து உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தவர்கள் பைலைத் தூக்கிக்கொண்டா ஓடினார்கள்? 2011 ஜனவரி வெள்ளத்தில் எத்தனை வீட்டில் அலுமாரி முழுக்கத் தண்ணீர்! பிறகு நடமாடும் சேவையில் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தோம். எங்கள் கையில் தொலைந்தபோது நாங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் அலுவலகத்தின் கையில் தொலைந்தாலும் நாங்களேதான் நிரூபிக்க வேண்டும் என்றால், அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

முஸ்லிம்களுக்கு அமானிதம் என்ற சொல் நல்ல பழக்கம். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பாதுகாப்பது வாங்கியவரின் பொறுப்பு. கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்வதும் எங்கள் மார்க்கம்தான். தமிழ் உறவுகளும் இதில் வேறு மாதிரி இல்லை. அடகுக்கடையில் ஒரு சோடித் தோட்டை வைத்தாலும் துண்டு வாங்காமல் படி இறங்கமாட்டோம். கடையில் போனைத் திருத்தக் கொடுத்தாலும் துண்டு தருகிறார்கள். பதிவுத் தபாலுக்குத் துண்டு உண்டு. ஒரு மாற்றுத்திறனாளியின் வாழ்வாதாரமே அடங்கிய பைலுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை?

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் கொடுக்கிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திகதி, வாங்கியவரின் பதவி, கையொப்பம், என்னென்ன இணைக்கப்பட்டது என்ற பட்டியல் போட்ட ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அந்தத் துண்டு இருந்தால், பைல் தொலைந்த காரணத்துக்காக ஒருவருடைய கொடுப்பனவும் நிற்கக்கூடாது. நின்றிருந்தால், துண்டில் உள்ள திகதியிலிருந்து நிலுவையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். புதிய கட்டடம் தேவையில்லை, புதிய சட்டமும் தேவையில்லை. ஒரு இறப்பர் முத்திரையும் ஒரு புத்தகமும் போதும்.

இதற்கு வரக்கூடிய பதில்கள் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"உத்தியோகத்தருக்கு வேலை கூட." உண்மை. அஸ்வெசும, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை எல்லாம் ஒரே ஆட்களின் தலையில்தான் விழுகிறது. அவர்களில் பலர் எங்கள் சொந்தக்காரர், எங்களோடு படித்தவர்கள். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கான்" என்று அவர்களைப் பார்த்துச் சொல்வது சரியில்லை என்றுதான் நினைக்கிறோம். ஆனால் துண்டு கொடுத்தால் வேலை குறையும். ஒரே ஆள் ஐந்து தடவை வந்து "என்ட பைல் எங்க?" என்று கேட்பதும், ஒரே பைலைத் திரும்பத் திரும்பத் தேடுவதும் வேலை இல்லையா? இன்றைக்கு மேசை மாறிப்போன உத்தியோகத்தருக்குப் பதிலாக நாளைக்கு வருகிறவர், தான் பெறாத கடதாசிக்கு ஏச்சு வாங்குகிறார். துண்டு அவரையும் காப்பாற்றும்.

"கள்ளமாக எடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் புதுப்பிக்கத்தான் வேண்டும்." இதையும் மறுக்கவில்லை. இறந்தவர் பெயரில் காசு போகக்கூடாது, வசதி வந்தவருக்குப் போகக்கூடாது. வருமானத்தைப் பாருங்கள், ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். ஆனால் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்தவரிடம் இயலாமைக்கான வைத்தியச் சான்றிதழை எத்தனை தடவை கேட்பது? வெட்டுப்பட்ட கால் முளைக்காது. பிறவியில் பார்வையில்லாதவருக்கு இரண்டு வருடத்தில் பார்வை வராது. மாறக்கூடிய நிலையை மறுபடி பார்க்கலாம். மாறாத நிலைக்கு ஒருமுறை எடுத்த சான்றிதழ் போதும். அது அலுவலகத்திலும் இருக்கட்டும், உரியவர் கையிலும் இருக்கட்டும்.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. பிரித்தானியாவில் மறுபரிசோதனை என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளை வருத்தியது பற்றிப் பல வருடமாகச் சண்டை நடந்தது. கடைசியில் 2018இல் அங்கே ஒரு மாற்றம் செய்தார்கள். உச்ச அளவு உதவி பெறுபவரின் நிலை குணமாகப் போவதில்லை, அப்படியே இருக்கும் அல்லது இன்னும் மோசமாகும் என்றால், அவருக்குத் தொடர்ச்சியாகக் கொடுப்பது, 10 வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மேலோட்டமாகப் பார்ப்பது என்று வழிகாட்டல் வந்தது.

தென்னாபிரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். கொரோனா காலத்தில் நீடித்துக் கொடுத்துவந்த தற்காலிக அங்கவீன உதவிப்பணம் 2020 டிசம்பரோடு சுமார் 2 இலட்சம் பேருக்கு நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் புதுப்பிக்க ஓட வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் கேப் டவுனுக்குப் பக்கத்தில் பெல்வில் என்ற இடத்தில் அலுவலகத்துக்கு வெளியே வரிசையில் நின்ற மாற்றுத்திறனாளிகள் மீது, இடைவெளி விட்டு நிற்கவில்லை என்று பொலிஸார் தண்ணீர் பீய்ச்சினார்கள். உலகமே பார்த்தது. எங்கள் ஊரில் தண்ணீர் பீய்ச்சவில்லைதான். ஆனால் ஒருவரும் படம் எடுக்காமல் ஒரு தாய் ஆறு மாதம் அலைந்ததும் அதே மாதிரியான விசயம்தான்.

மூன்றாவது பதில், எங்கள் ஆட்களே சொல்வது: "ஆளைப் பிடிச்சா வேலை நடக்கும் சேர்." நடக்கும்தான். அரசியல்வாதியின் இணைப்பாளரையோ உள்ளே வேலை செய்கிற மச்சானையோ பிடித்தால் கீழே கிடந்த பைல் மேலே வரும். அது மேலே வரும்போது இன்னொரு பைல் கீழே போகும் என்பதை ஏன் யோசிக்கிறோம் இல்லை? ஆள் இல்லாதவர் யார்? கணவரை இழந்து, பேசமுடியாத மகளோடு தனியாக இருக்கிற பெண். கூட வர ஒருவரும் இல்லாத, பார்வையற்ற முதியவர். அவர்களுக்காகத்தானே இந்தக் கொடுப்பனவே வந்தது? துண்டு என்பது ஆள் இல்லாதவருக்கு ஆள் மாதிரி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 28ஆம் உறுப்புரை சமூகப் பாதுகாப்பை ஒரு உரிமையாகச் சொல்கிறது. அதாவது இந்தக் காசு ஸதக்கா இல்லை, பிச்சையும் இல்லை. உரிமையைக் கேட்டு வருகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

இவற்றைவிட நமக்கு நேரடியாக உதவுவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இதைப் பத்திரிகைக்காரர்களுக்கான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உங்களுக்கும்தான். ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் இப்படிக் கேட்கலாம்: "இந்தத் திகதியில் நான் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த அலுவலகத்தில், எந்த நிலையில் இருக்கிறது? எந்தத் திகதியில் அங்கே அனுப்பப்பட்டது? கொடுப்பனவு நிறுத்தப்பட்டிருந்தால் என்ன காரணம்?" விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கொடுத்தவுடனே கிடைத்ததை எழுத்தில் ஒப்புக்கொள்வது அந்த அலுவலரின் கடமை. அதாவது நாம் கேட்கிற அதே துண்டு, இந்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது! தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இதில் நமது வீடுகளுக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் போதும், தகவல் அலுவலர் அதை எழுதி எடுக்க வேண்டும். கை இயங்காதவருக்கும் பார்வையில்லாதவருக்கும் எழுத்துத் தெரியாத தாய்க்கும் சட்டமே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. இது தெரியாததால்தான் நாம் வெறுங்கையோடு திரும்புகிறோம்.

உரிமை மீறப்பட்டதாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. தமிழிலேயே முறையிடலாம். வந்த கடிதம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், தமிழில் தாருங்கள் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

அலுவலகம் மாறும்வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை:

கொடுக்கப்போகிற ஒவ்வொரு கடதாசியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போன் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள், எங்கள் மாணவர்கள் நிமிசத்தில் செய்து தருவார்கள்.

வைத்தியச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கேட்டாலும், பிரதி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டே கொடுங்கள். பொலித்தீன் பைக்குள் போட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

விண்ணப்பத்தோடு ஒரு மேலதிகப் பிரதியைக் கொண்டுபோங்கள். "தயவுசெய்து இதில பெற்றுக்கொண்டதா ஒரு முத்திரை போட்டுத் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். சண்டை தேவையில்லை. முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் துண்டு உங்கள் கையில் இருக்கும்.

ஒரு சின்னக் கொப்பியில் திகதி, போன அலுவலகம், யார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். "அண்டைக்குப் போனன், யாரோ சொன்னாங்க" என்பதற்கும், "மார்ச் 4ஆம் திகதி, இரண்டாம் மேசை, கொழும்புக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள்" என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளிவாசல் நிருவாகம், ஆலய பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கொடுப்பனவு நின்ற வீடுகளுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்கிறீர்கள், அதற்கு நன்றி. அந்தப் பொதியோடு இந்தத் துண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு தாய் தனியாகக் கேட்டால் "பிறகு வாங்கம்மா" என்பார்கள். ஐந்து சங்கம் சேர்ந்து பிரதேச செயலாளரிடம் எழுத்தில் கேட்டால் அது கூட்டத்தில் பேசப்படும். தமிழர், முஸ்லிம் என்று பார்த்துத் தொலைகிற பைல் இல்லை இது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரித்தான் தொலைகிறது, ஆகவே சேர்ந்தே கேட்கலாம்.

அலுவலகங்களில் வேலை செய்கிற உறவுகளே, உங்களைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. உங்கள் மேசையில் மட்டுமாவது நாளைக்கே இதைத் தொடங்கலாம். ஒரு அரைக் கடதாசியில் திகதியும் கையொப்பமும் போட்டுக் கொடுங்கள். சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

தகவல் கோரிக்கை எழுதுவதற்கு உதவி வேண்டியவர்கள் பாடசாலை நாட்களில் பின்னேரம் எங்களிடம் வாருங்கள். வரும்போது முன்பு கொடுத்த கடதாசிகளில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள். மாற்றுத்திறனாளியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், வீட்டில் யாராவது ஒருவர் வந்தால் போதும். அதுவும் முடியாத வீடு என்றால் சொல்லியனுப்புங்கள், நாங்களே வருகிறோம்.